கணினிக் கடிகாரத்தைக் குரோனியிடம் ஒப்படைப்பது எப்படி

மதர்போர்டில் நேரம் காட்டுவது ஒரு மலிவான குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி, ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி தள்ளிப்போய்விடும். அறையின் சூடு ஏறி இறங்க, பிசகின் அளவும் மாறும். பாட்டுக் கேட்கும் வீட்டுக் கணினிக்கு இது பெரிய சேதமில்லை. ஆனால் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைச் சரிபார்க்கும் சர்வர் இரண்டு நிமிடம் பின்தங்கினால், சரியான எண்ணைப் போட்டாலும் உள்ளே விடாது. விண்டோஸ் டொமைனில் வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை லாகினை மறுத்துவிடும். இரண்டு சர்வர்களின் லாக் கோப்புகளை அருகருகே வைத்து எது முதலில் நடந்தது என்று தேடும்போது, இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் தேடுவதே வீண். நேர சர்வர்களைக் கேட்டு இந்தப் பிசகைத் திருத்திக்கொண்டே இருக்கும் நிரல்தான் குரோனி.

இந்தியாவில் இதற்குச் சட்டக் கட்டாயமும் இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் தங்கள் கணினிகளின் நேரத்தை, தேசியத் தகவலியல் மையமான என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல் நடத்தும் நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். அல்லது அவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு. லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். நேரம் தப்பான லாக்கை 180 நாள் பாதுகாத்து யாருக்கும் பயனில்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது உபுண்டு 22.04, 24.04, டெபியன் 12 ஆகியவற்றில் குரோனியை நிறுவுவது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். குரோனியின் எழுத்துக்கூட்டல் சி, எச், ஆர், ஓ, என், ஒய். கடைசியில் 'டி' சேர்ந்தால் பின்னணியில் ஓடும் நிரல். 'சி' சேர்ந்தால் அந்த நிரலோடு நாம் பேசும் கட்டளை.

ஏன் குரோனி?

உபுண்டுவில் ஏற்கெனவே சிஸ்டம்டி-டைம்சிங்க்டி என்ற சின்ன நிரல் இருந்திருக்கும். அது ஒரு நேரத்தில் ஒரே சர்வரைத்தான் கேட்கும். அந்த சர்வர் பொய் சொன்னால் அப்படியே நம்பிவிடும். மற்ற கணினிகளுக்கு நேரம் கொடுக்கவும் அதற்குத் தெரியாது. கணினிகள் நெட்வொர்க் வழியே நேரம் கேட்டுப் பெறும் என்டிபி நெறிமுறையை வடிவமைத்த டேவிட் மில்ஸின் வழிவந்த பழைய என்டிபிடி நம்பகமானதுதான், ஆனால் எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினியை நினைத்து எழுதப்பட்டது. ரிச்சர்ட் கர்னோ தொடங்கிய குரோனி, அடிக்கடி இணைப்பு அறுந்து வரும் கணினிக்கும், மூடித் திறக்கும் லேப்டாப்புக்கும், விர்ச்சுவல் மெஷினுக்கும் தோதாக எழுதப்பட்டது. மின்வெட்டுக்குப் பின் எழும் கணினியில் அது நேரத்தைப் பிடிக்கும் வேகமே போதும், வேறு காரணம் தேட வேண்டாம். ரெட் ஹேட் 8-ஆம் பதிப்பிலிருந்து என்டிபிடியைக் கைவிட்டு இதற்கு மாறியது, உபுண்டுவும் 25.10-இல் இதையே இயல்பாக வைத்துவிட்டது.

முதலில் நேர மண்டலம்

நேர சர்வர்கள் அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டும். இந்திய நேரம், சிங்கப்பூர் நேரம் என்பதெல்லாம் உங்கள் கணினி போட்டுக்கொள்ளும் கணக்கு. எனவே நேரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தப்பாக இருந்தால் ஒத்திசைவைக் குறை சொல்லாமல் நேர மண்டலத்தைப் பாருங்கள்:

டைம்டேட்சிடிஎல்

சென்னையோ மதுரையோ, மண்டலம் 'ஏசியா/கொல்கத்தா' என்று வர வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் 'ஏசியா/கொழும்பு'. வேறாக இருந்தால்:

சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா

இதில் ஏசியாவின் முதல் எழுத்தும் கொல்கத்தாவின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. கொல்கத்தா 'கே'யில் தொடங்கும்.

கணினியின் தேதியே ஆண்டுக்கணக்கில் பின்னால் இருந்தால் குரோனியைத் தரவிறக்கவே முடியாது. தொகுப்புப் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று, நிரல்களைத் தரவிறக்கி நிறுவும் ஆப்ட் மறுக்கும், பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களும் தோற்கும். நேரத்தைச் சரிசெய்யும் நிரலை நிறுவ நேரம் சரியாக இருக்க வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்கு, கையால் ஒருமுறை ஏறக்குறைய வைத்துவிடுவதுதான் வழி:

சூடோ டேட் -எஸ் "2026-01-15 10:30"

அன்றைய தேதியையும் மணியையும் போடுங்கள். சில நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் போய்வரும்போதும் தேதி பின்னுக்குப் போனால் மதர்போர்டின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் அது சிஆர்2032, 3 வோல்ட் நாணய பேட்டரி. அதை மாற்றுங்கள், எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது.

நிறுவுவது

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் குரோனி

சிஸ்டம்டி-டைம்சிங்க்டி நீக்கப்படும் என்று ஆப்ட் சொல்லும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆக வேண்டும். ஒரே கடிகாரத்தை இரண்டு நிரல்கள் திருத்தினால், ஒன்று முன்னுக்குத் தள்ள மற்றொன்று பின்னுக்கு இழுக்கும். நிறுவி முடித்ததும் குரோனி தானாக ஓடத் தொடங்கிவிடும்.

ஃபெடோரா, ராக்கி வகைகளில் ஆப்டுக்குப் பதில் டிஎன்எஃப். அங்கே சேவையின் பெயர் குரோனிடி, அமைப்புக் கோப்பு /ஈடிசி/குரோனி.கான்ஃப். உபுண்டு, டெபியனில் சேவை வெறும் குரோனி, கோப்பு /ஈடிசி/குரோனி/குரோனி.கான்ஃப். வேறு டிஸ்ட்ரோவுக்கு எழுதிய குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள்.

எந்த சர்வரைக் கேட்பது

நிறுவுவது ஐந்து நிமிட வேலை. யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு சர்வரை வைத்தால் அது தப்பாகச் சொல்வதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. இரண்டு வைத்து அவை முரண்பட்டால் எது சரி என்று குரோனியால் தீர்மானிக்க முடியாது. மூன்று இருந்தால் ஒன்று பொய் சொன்னாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். நான்கு இருந்தால் ஒன்று படுத்துவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு மிஞ்சும். எனவே நான்குக்குக் குறையாமல் வையுங்கள்.

முதன்மைக் கோப்பில் 'பூல்' என்று தொடங்கும் உபுண்டுவின் வரிகள் இருக்கும். அவை வேண்டாமென்றால் ஒவ்வொன்றின் முன்னும் # போடுங்கள். உங்கள் சர்வர்களை அதே கோப்பில் திணிக்காமல் தனிக் கோப்பில் எழுதுவது நல்லது. தொகுப்பு மேம்படும்போது 'பழைய கோப்பை வைத்துக்கொள்ளவா' என்ற கேள்விக்கு மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்காது.

சூடோ நானோ /ஈடிசி/குரோனி/சோர்சஸ்.டி/இந்தியா.சோர்சஸ்

இதில்:

சர்வர் டைம்.என்பிஎல்இந்தியா.ஓஆர்ஜி ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்1.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
சர்வர் சமய்2.என்ஐசி.இன் ஐபர்ஸ்ட்
பூல் இன்.பூல்.என்டிபி.ஓஆர்ஜி ஐபர்ஸ்ட் மேக்ஸ்சோர்சஸ் 2

முதலாவது, இந்திய நேரத்தைப் பராமரிக்கும் புதுடெல்லி ஆய்வகத்தினுடையது. அடுத்த இரண்டும் என்ஐசியினுடையவை. சமய் என்றால் இந்தியில் நேரம், எழுத்துக்கூட்டல் எஸ், ஏ, எம், ஏ, ஒய். கடைசி வரி, தன்னார்வலர்கள் நடத்தும் பொதுத் தொகுப்பின் இந்தியப் பிரிவு. இலங்கையில் இருப்பவர்கள் அதில் 'இன்' என்பதற்குப் பதில் 'எல்கே' போட்டு, கூடவே 'ஏசியா' தொகுப்பையும் சேர்க்கலாம்.

இந்தக் கோப்பில் மூன்று கண்ணிகள் உண்டு. கோப்பின் பெயர் '.சோர்சஸ்' என்றே முடிய வேண்டும். இல்லாவிட்டால் குரோனி அதைத் திரும்பியும் பார்க்காது. உள்ளே சர்வர், பூல், பியர் என்ற மூன்று வகை வரிகள்தான் இருக்கலாம், வேறு அமைப்புகள் கூடாது. கடைசி வரிக்குப் பிறகும் என்டர் தட்டியிருக்க வேண்டும்.

ஐபர்ஸ்ட் என்பது தொடங்கியவுடன் சில கேள்விகளை இரண்டிரண்டு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து அனுப்பச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் முதல் திருத்தத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கூகுளின் பொது நேர சர்வரை இவற்றோடு கலக்காதீர்கள். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக எப்போதாவது சேர்க்கப்படும் லீப் விநாடி வரும்போது கூகுள் அந்த ஒரு விநாடியை நாள் முழுக்கப் பரப்பித் தேய்க்கும்; மற்றவை ஒரே தடவையில் சேர்க்கும். அந்த நாளில் இரண்டு தரப்பும் முரண்படும். கடைசி லீப் விநாடி வந்தது 2016 டிசம்பர் 31 முடிவில், இந்தியாவில் 2017 ஜனவரி 1 காலை 5.30-க்கு. அதன் பிறகு வரவில்லை என்றாலும், கலப்படம் கலப்படம்தான்.

சர்வர் பட்டியலை மட்டும் மாற்றினால் சேவையை நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை:

சூடோ குரோனிசி ரீலோட் சோர்சஸ்

முதன்மைக் கோப்பைத் தொட்டிருந்தால்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் குரோனி

தாவலா, நகர்த்தலா

முதன்மைக் கோப்பில் கவனிக்க வேண்டிய வரி இது:

மேக்ஸ்டெப் 1 3

மேக், ஸ்டெப் என்ற இரண்டு சொற்களை ஒட்டி எழுதியது. தொடங்கிய பிறகு வரும் முதல் 3 திருத்தங்களுக்குள் வித்தியாசம் 1 விநாடிக்கு மேல் இருந்தால் கடிகாரத்தைச் சட்டென்று தாவவிடலாம் என்று பொருள். அதன் பிறகு தாவல் கிடையாது; கடிகாரத்தின் ஓட்டத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ மெல்ல நகர்த்தித்தான் சரிசெய்யும். அந்த நகர்த்தலின் உச்ச வேகம் 12-இல் ஒரு பங்கு. 1 விநாடி பிசகைத் தீர்க்க 12 விநாடி ஆகும். 1 மணி நேரப் பிசகைத் தீர்க்க அரை நாள். 'குரோனி ஓடுகிறது, ஆனால் நேரம் இன்னும் தப்பாக இருக்கிறது' என்ற புகாரின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

ஏன் இந்த நிதானம்? நேரம் பின்னோக்கித் தாவினால் தரவுத்தளத்தில் பிந்தி எழுதிய பதிவு முந்தியதாகத் தோன்றும். கடிகாரத்தை நம்பி ஓடும் நிரல்கள் குழம்பும். நகர்த்தலில் நேரம் ஒருபோதும் பின்னால் போகாது.

லேப்டாப்பிலும், அடிக்கடி இடைநிறுத்தி எழுப்பும் விர்ச்சுவல் மெஷினிலும் கணக்கு வேறு. அங்கே 3-ஐ -1 ஆக மாற்றினால் எப்போது வேண்டுமானாலும் தாவ அனுமதி கிடைக்கும். தரவுத்தள சர்வரில் அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஒருமுறை உடனே சரியாக வேண்டுமென்றால் கையால் தாவவிடலாம்:

சூடோ குரோனிசி மேக்ஸ்டெப்

'ஆர்டிசிசிங்க்' என்ற வரியையும் அப்படியே விட்டுவிடுங்கள். மதர்போர்டுக் கடிகாரத்தைக் கெர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை திருத்திவைப்பது அதனால்தான்.

உண்மையில் வேலை செய்கிறதா

சேவை 'ஆக்டிவ்' என்று பச்சையாகக் காட்டுவதற்கும் நேரம் ஒத்திசைந்திருப்பதற்கும் சம்பந்தமில்லை. பார்க்க வேண்டியது:

குரோனிசி சோர்சஸ்

ஒவ்வொரு வரியின் இரண்டாவது குறி முக்கியம். நட்சத்திரம் என்றால் அந்த சர்வரைத்தான் இப்போது பின்பற்றுகிறது. கூட்டல் குறி, அதோடு சேர்த்துக் கணக்கில் கொள்ளப்படுவது. கழித்தல் குறி, நல்லதுதான் ஆனால் இப்போது தேவைப்படவில்லை. கேள்விக்குறி, எட்ட முடியாதது அல்லது சோதனையில் தேறாதது. ஆங்கில எக்ஸ் எழுத்து வந்தால் மற்றவற்றோடு ஒத்துப்போகாத பொய்யன் என்று குரோனி முடிவுகட்டிவிட்டது.

'ரீச்' என்ற பத்தியைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினையைக் கண்டுபிடித்துவிடலாம். கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டில் வைத்து, எட்டடிமான எண்ணாகக் காட்டுகிறது. தொடங்கும்போது 1, 3, 7, 17, 37, 77, 177 என்று ஏறி 377-இல் நிற்கும். 377 என்றால் எட்டுக்கும் பதில் வந்தது. 376 என்றால் கடைசியாகக் கேட்டதற்கு வரவில்லை. 0 என்றால் ஒன்றுமே வரவில்லை. எண்கள் ஓயாமல் குதித்தால் இணைப்பில் பாக்கெட்டுகள் தொலைகின்றன. 'போல்' பத்தி இரண்டின் அடுக்கு: 6 என்றால் 64 விநாடிக்கு ஒருமுறை கேட்கிறது, 10 என்றால் 1024 விநாடிக்கு ஒருமுறை. 10-ஐப் பார்த்து மந்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடிகாரம் நிலைப்பட்டதால்தான் கேள்விகளைக் குறைத்திருக்கிறது.

அடுத்து:

குரோனிசி டிராக்கிங்

'சிஸ்டம் டைம்' வரியில் இப்போதைய வித்தியாசம் விநாடியில் வரும். 'ஃப்ரீக்வன்சி' உங்கள் படிகத்தின் பிசகு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. கடைசி வரி 'லீப் ஸ்டேட்டஸ்' நார்மல் என்று இருக்க வேண்டும். 'நாட் சிங்க்ரனைஸ்ட்' என்றால் மேலே உள்ள எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பொருட்டில்லை.

சாதாரண பிராட்பேண்டில் சில மில்லி விநாடிக்குள் நிற்பது நல்ல நிலை. அதற்குக் கீழே இறங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கேள்வி போகவும் பதில் வரவும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்றுதான் என்டிபி வைத்துக்கொள்கிறது. அப்லோடு நெரிசலில் போகும் வழி மட்டும் தாமதமானால், அந்தக் கூடுதல் தாமதத்தில் பாதி அப்படியே நேரப் பிழையாக இறங்கிவிடும்.

ரீச் 0 என்று நின்றால்

குரோனிசி ஆக்டிவிட்டி

'முகவரி தெரியாத' சர்வர்களின் எண்ணிக்கை இதில் வந்தால் குற்றவாளி, சர்வர் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ், அல்லது நீங்கள் தட்டிய எழுத்துப் பிழை. முகவரி தெரிந்தும் பதில் வரவில்லையென்றால் என்டிபி பயன்படுத்தும், வெளியே போகும் யுடிபி 123 போர்ட் அடைக்கப்பட்டிருக்கிறது. அலுவலக ஃபயர்வாலில் இது சகஜம். வலைப்பக்கம் திறக்கிறது என்பதால் இதுவும் போகும் என்று எண்ணக் கூடாது. நெட்வொர்க் நிர்வாகியிடம் அந்த போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள், அல்லது அலுவலகத்துக்குள் இருக்கும் நேர சர்வரின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த உள் சர்வர் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலராக இருந்தால் ஒரு விசித்திரம் நடக்கலாம்: ரீச் 377, ஆனால் கேள்விக்குறி போகாது. தன் பிழை எல்லை பல விநாடி என்று அது அறிவிக்கும். குரோனி 3 விநாடிக்கு மேல் ஏற்காது. முதன்மைக் கோப்பில் 'மேக்ஸ்டிஸ்டன்ஸ் 16' என்று சேர்த்தால் ஏற்கும். துல்லியம் குறைவதை ஒப்புக்கொண்டு செய்வது அது.

விர்ச்சுவல் மெஷினில் நேரம் முன்னும் பின்னும் ஆடினால், விஎம்வேர் டூல்ஸோ விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸோ தன் பங்குக்கு நேரத்தைத் திருத்துகிறது. இரண்டில் ஒன்றை அணையுங்கள். கன்டெய்னருக்குள் குரோனியை வைக்கவே வேண்டாம், கடிகாரம் ஹோஸ்ட்டுடையது; அங்கே சரிசெய்தால் போதும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, மாற்றி மாற்றி பூட் செய்யும்போது நேரம் 5.30 மணி தள்ளிப்போனால், மதர்போர்டுக் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதுதான் காரணம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன்இன்ஃபர்மேஷன் கீயின் கீழ் 'ரியல்டைம்இஸ்யூனிவர்சல்' என்ற டிவேர்டை உருவாக்கி 1 கொடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி படிக்கும்.

ஒரே அலுவலகத்தில் பல கணினிகள் இருந்தால்

இருபது கணினியும் தனித்தனியாக டெல்லியைக் கேட்பது அநாகரிகம். ஒரு லினக்ஸ் கணினி மட்டும் வெளியே கேட்கட்டும், மற்றவை அதனிடம் கேட்கட்டும். /ஈடிசி/குரோனி/கான்ஃப்.டி/ கோப்புறையில் '.கான்ஃப்' என்று முடியும் புதிய கோப்பில்:

அலோ 192.168.1.0/24
லோக்கல் ஸ்ட்ராட்டம் 10

முகவரி வரம்பு உங்கள் நெட்வொர்க்குக்கு ஏற்றதாக இருக்கட்டும். வெறும் 'அலோ' என்று மட்டும் எழுதினால் உலகத்துக்கே திறந்துவிட்டதாகும். இரண்டாவது வரி, இணையம் அறுந்தாலும் தொடர்ந்து நேரம் கொடுக்கச் சொல்கிறது. நேரம் சற்றே நகர்ந்தாலும் அலுவலகக் கணினிகள் தமக்குள் ஒத்துப்போகும். சேவையை ரீஸ்டார்ட் செய்து, யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடினால் அதே வரம்புக்கு உள்வரும் யுடிபி 123-ஐத் திறங்கள். வெளியே கேட்க மட்டும் செய்யும் கணினியில் உள்வரும் போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லை.

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல் பேனல், டேட் அண்ட் டைம், இன்டர்நெட் டைம், சேஞ்ச் செட்டிங்ஸ் என்று போய், சர்வர் பெட்டியில் லினக்ஸ் கணினியின் ஐபி முகவரியைப் போட்டு அப்டேட் நவ் அழுத்துங்கள். டொமைனில் சேர்ந்த கணினியில் அந்த இன்டர்நெட் டைம் பக்கமே இருக்காது. அது டொமைன் கன்ட்ரோலரிடம்தான் கேட்கும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைம் என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள். சிசிடிவி டிவிஆரிலும் என்டிபி என்ற பெட்டி இருந்தால் அதே ஐபிதான். காமிராப் பதிவின் நேரம் தப்பாக இருப்பது, பதிவு தேவைப்படும் நாளில்தான் பெரும்பாலும் தெரியவருகிறது.

யார் யார் கேட்கிறார்கள் என்பதை லினக்ஸ் கணினியில் இப்படிப் பார்க்கலாம்:

சூடோ குரோனிசி கிளையன்ட்ஸ்

அமைத்த கணினி ஒன்று இந்தப் பட்டியலில் வரவில்லையென்றால், அதன் திரையில் நேரம் சரியாகத் தெரிந்தாலும் அது வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது யாரையும் கேட்கவில்லை.